ஓசி கார்டு

கதவைச் சாத்திவிட்டு வாம்மா, பக்கத்து வீட்டுப் பூனை உள்ளே வந்துவிடும். செருப்பு அங்கேயே இருக்கட்டும். நீதான் போனில் பேசிய நித்திலாவா? சரி. கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற விளையாட்டுக் கார்டு வாங்க ஒரு பெண் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. தம்பிக்கோ வீட்டுக்காரருக்கோ கேட்கிறாய் என்று நினைத்தேன். உனக்கேதானா? நல்லது. விளையாடு. எனக்கென்ன.

மிஷின் அந்த மூலையில் இருக்கிறது. மேலே போட்டிருக்கும் தலையணை உறையை எடுத்துக் கட்டில் மேல் போடு. தூசி அடையாமல் இருக்க நான்தான் போட்டேன். அவர் அந்தப் பக்கமே வருவதில்லை. பால்கனியில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். வணக்கம் எல்லாம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் 'ம்' என்பார். கார்த்திகையிலிருந்து அவர் பேச்சு மொத்தமும் அந்த ஒரு 'ம்'தான். எங்கள் பெண் புனேயில் இருக்கிறாள். போன் பண்ணி, 'அப்பாகிட்ட குடும்மா' என்பாள். கொடுப்பேன். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், இவர் 'ம்' போட்டுவிட்டு என்னிடம் திருப்பி நீட்டுவார்.

ஸ்க்ரூடிரைவர்கூடக் கொண்டு வந்திருக்கிறாயா? பரவாயில்லையே. போன வாரம் வந்தவர் என்னிடம் கேட்டார். நான் மிக்ஸிக்கு வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தேன், முகம் சுளித்தார். மைனிங்குக்கு ஓட்டியதா என்று வேறு கேட்டார். ஓசூரில் ஏதய்யா சுரங்கம் என்றேன். இந்தக் கார்டை இரவும் பகலும் ஓடவிட்டுக் காசு பண்ணுவார்களாமே, அதுவாம். இது அப்படி ஓடியதில்லை. இது ஓடியதெல்லாம் ஒரு லாரி. அதுவும் சிக்னலில் நின்று நின்று.

மெதுவாகக் கழற்று. அதற்கு அடியில் ஒரு நூல்கண்டு முட்டுக்கொடுத்திருக்கும். மூன்று ஃபேனும் இரும்புத் தகடுமாகக் கனம் தாங்காமல் கார்டு தொங்குகிறது என்று என் தையல் டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டார். அந்த மஞ்சள் கறையா? கறை இல்லை, சந்தனம். ஆயுத பூஜைக்கு வைத்தது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும்.

ஏன் விற்கிறீர்கள் என்றுதானே கேட்டாய். எல்லாரும் கேட்கிறார்கள். இடத்தை அடைக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் நம்பவில்லை. உனக்கு உள்ளதைச் சொல்கிறேன். இந்தச் சனியன் இந்த வீட்டைவிட்டுப் போனால் அவர் வாயைத் திறப்பார். அவ்வளவுதான். அதற்காகத்தான் நானே போட்டோ எடுத்து, நானே விளம்பரம் போட்டு, நானே உன்னை வரச் சொன்னேன். கார்டை ஓடவிட்டுப் பார்க்கும் உன் பரிசோதனை எவ்வளவு நேரம் ஓடும்? அதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நான் வளவளவென்று பேசுகிறவள் இல்லை.

இவர் பெயர் கருணாகரன். இங்கே ஒரு கம்பெனியில் பர்ச்சேஸில் இருந்தார். போல்ட்டு நட்டிலிருந்து பேக்கிங் அட்டைப்பெட்டி வரைக்கும் எதை, யாரிடம் வாங்குவது என்று முடிவு பண்ணுகிற நாற்காலி. அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் என்னென்ன கட்டியிருக்கிறார்கள் என்று உனக்கே தெரிந்திருக்கும். இவர் கட்டியது இந்த ஃபிளாட்டுக்கு மாதத் தவணை. தீபாவளிக்கு சப்ளையர் கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸும் காலண்டரும் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று கம்பெனியில் ஒரு ரூல். இவர் அந்த ஸ்வீட் பாக்ஸையே ஆபீஸில் பிரித்து, பியூன் வரைக்கும் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வருவார். ஒரு வருஷம் எவனோ முந்திரியும் பாதாமும் அடுக்கிய டப்பா ஒன்றை வீட்டுக்கே அனுப்பிவிட்டான். நான் பிரித்து இரண்டு முந்திரியை வாயில் போட்டுக்கொண்டேன். வந்து பார்த்தவர், கடைக்குப் போய் அதே மாதிரி இரண்டு முந்திரி வாங்கி வந்து, குழியில் வைத்து, டேப் ஒட்டித் திருப்பி அனுப்பினார். இரண்டே இரண்டு முந்திரி விற்கிற கடையை எங்கே பிடித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட மனிதர்.

இதை மனதில் வைத்துக்கொள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் லாரி. ஆபீஸிலிருந்து வந்ததும் கைலி மாற்றிக்கொண்டு, காபியோடு இந்த மிஷின் முன்னால் உட்கார்ந்து லாரி ஓட்டுவார். உனக்கு அந்த விளையாட்டு தெரிந்திருக்கும். ஏதோ வெளிநாடு, நீள நீளமாக ரோடு, இந்த ஊரில் சரக்கு ஏற்றி அந்த ஊரில் இறக்க வேண்டும். சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது. ஆளே இல்லாத ரோட்டில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்புவார். சிக்னல் விழுந்தால் நிற்பார், கையைக் கட்டிக்கொண்டு. 'விளையாட்டுலயாவது கொஞ்சம் வேகமா போங்களேன்' என்பேன். 'லோடு இருக்கு வசு' என்பார். என் பெயர் வசுமதி. லாரி ஓட்டும்போது மட்டும் வசு.

அதில் ஒரு குறை, மழை. அந்த ஊரில் மழை பிடித்தால் பழைய கார்டுக்கு மூச்சு வாங்கும். படம் திக்கித் திக்கி நகரும். வைப்பர் பாதி கண்ணாடிக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். இவரும் அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மழை நிற்கட்டும் என்று ஓரங்கட்டி உட்கார்ந்திருப்பார். நம் ரோட்டில் நிற்கிற மாதிரி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.

அதற்காகப் புதுக் கார்டு வாங்க வேண்டும் என்று ஒரு வருஷம் ஆராய்ச்சி. யூடியூபில் ஒவ்வொருவனும் கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டுவான், இவர் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். என்னை ஒரே சாயங்காலத்தில் பார்த்துவிட்டுச் சரி என்றவர். ஒரு கார்டுக்கு ஒரு வருஷம்.

அதே கார்டில் இரண்டு விதமாம். ஒன்று சாதா. இன்னொன்று, செய்கிற இடத்திலேயே வேகத்தைக் கூட்டிவிட்டு அனுப்புவது. நீ இப்போது சொன்னாயே, இரண்டுக்கும் நொடிக்கு நாலைந்து படம், ஃபிரேம்தான் வித்தியாசம், கூடக் கொடுக்கிற காசு தண்டம், ஃபேன் சத்தம்தான் மிச்சம் என்று. அதே வார்த்தையைத்தான் இவரும் சொல்வார். 'வேகம் கூட்டினது நமக்கு எதுக்கு வசு? சாதாவே மழையத் தாங்கும்.' சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. நான் பாதியில் எழுந்துவிடுவேன். குக்கர் கூப்பிடும், பால் பொங்கும், எனக்கு ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். ஒரு மனிதர் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறவரை உட்கார்ந்து கேட்க வீட்டு வேலை செய்கிறவளுக்கு எங்கே நேரம்? அதனால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சாதா போதும், வேகம் கூட்டினது வேண்டாம்.

கடைசியில் வீட்டுக்கு வந்தது வேகம் கூட்டினதுதான். நீ கையில் வைத்திருக்கிறாயே, அது. கடைக்குப் போனதும் மனசு மாறியிருக்கும். எனக்குப் புடவைக் கடையில் மாறுவதில்லையா?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பெட்டியும் கையுமாக வந்தார். மணிவாசகம்தான் காரில் கொண்டுவந்து விட்டார். மணிவாசகம் என்றால் இவர்கள் கம்பெனிக்கு அட்டைப்பெட்டி சப்ளை பண்ணுகிறவர். நல்ல மனிதர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பையனுக்கும் இந்த விளையாட்டுப் பைத்தியம் உண்டாம். எது நல்ல கடை, எது நல்ல மாடல் என்று அவருக்குத் தெரியும். கூடப் போய்ப் பார்த்துக் கொடுத்திருக்கிறார் போல.

நான் அடுப்பில் எண்ணெய் வைத்திருந்தேன். அங்கிருந்தே, 'என்ன விலைங்க?' என்றேன்.

'விடு வசு.'

'விடுன்னா? சொன்னா என்ன, பிடுங்கிக்கவா போறேன்?'

'ஓசி' என்றார்.

'ஓசியா?' என்று கரண்டியோடு வெளியே வந்தேன். என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருகிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். எண்ணெய் புகைய ஆரம்பித்துவிட்டது, நான் உள்ளே திரும்பிவிட்டேன். முதுகுக்குப் பின்னால் பெட்டியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. 'ஓசி மாடலு. பெட்டிலயே போட்டிருக்கு பாரு' என்றார். நான் எங்கே பார்த்தேன். எதையாவது வாங்கினால் எதையாவது இலவசமாகக் கொடுக்கிற பூஜை ஆஃபர் என்று நினைத்துக்கொண்டேன். டிவி வாங்கினால் மிக்ஸி கொடுக்கிறானே, அது மாதிரி.

மறுநாள் பூஜையில் அதையும் வைத்துச் சந்தனம் இட்டேன். சாயங்காலம் மாட்டி ஓட்டினார். என்னைக் கூப்பிட்டார். 'இங்க வாயேன், ஒரு நிமிஷம்.' போனேன். திரையில் அடைமழை. வைப்பர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது, நிற்கவே இல்லை. ஒவ்வொரு துளியும் கண்ணாடியில் விழுந்து, உடைந்து, ஓடுகிறது. 'பாத்தியா? ஒண்ணுகூட நிக்கல' என்றார். முகம் எப்படி இருந்தது தெரியுமா? சந்தோஷம்தான், ஆனால் காய்ச்சல்காரன் சந்தோஷம் மாதிரி. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் சுண்டலைத் தாளிக்கப் போய்விட்டேன்.

திருப்பி மாட்டிவிட்டாயா? ஓட ஆரம்பித்துவிட்டதா? இதென்ன இப்படி இரைகிறது. மாவு மிஷின் பரவாயில்லை போலிருக்கிறதே. சும்மா இருக்கும்போது பூனை மாதிரி இருக்கும், வேலை கொடுத்தால் இப்படி. சூடு எவ்வளவு காட்டுகிறது? பயப்படுகிற மாதிரி இல்லையே? சரி, நீ அதைப் பார். நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தீபாவளிக்குப் பட்சணம் கொடுக்க சுகந்தி வந்தாள். சுகந்தி மேல் மாடி. அவள் வீட்டுக்காரர் இதே கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அவள் பட்சணம் கொடுக்க வந்தால் பட்சணம் ஒரு சாக்கு. அந்த வருஷம் அவர்கள் வாங்கிய பொருளைச் சொல்லத்தான் வருவாள்.

'வசுக்கா, எங்க வீட்டுக்காரரு ஹாலுக்கும் ஏசி போட்டுட்டாருக்கா. வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல.'

'ஓசூர்ல இருக்கற குளிருக்கு ஏசியா? சரி. இன்னொரு ரஜாய் வாங்கிக்க.'

அவள் கண் இந்த மூலைக்குப் போனது. கார்டில் பச்சையும் நீலமுமாக விளக்கு எரிந்துகொண்டிருந்தது. 'இது என்னக்கா, புதுசா? ரொம்ப ஆகியிருக்குமே.'

'எங்களுக்கென்னடி செலவு? ஓசி.'

'ஓசியா? யாருக்கா குடுத்தாங்க?'

'குடுக்கறவங்க குடுக்கறாங்க. உனக்கும் வேணும்னா உங்க வீட்டுக்காரரைப் பர்ச்சேஸுக்கு மாத்திக்கச் சொல்லு.'

கிண்டலுக்குச் சொன்னதுதான். அவளுக்கு ஏசி இருக்கிறது, எனக்கு வாய் இருக்கிறது. விடுவிடுவென்று அவள் படியேறியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முறுக்கு நமுத்துப் போயிருந்தது, அதையும் அடுத்த முறை சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

கார்த்திகை பிறந்ததும் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து இறங்கினாள். பெயர் போடாத புகார். பர்ச்சேஸ் கருணாகரன் சப்ளையரிடம் விலையுயர்ந்த பொருளை இலவசமாக வாங்கியிருக்கிறார், அவர் மனைவியே சொல்கிறார் என்று. நான் சுகந்தியிடம் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருந்தார்களாம். அப்போது மேனேஜர் போஸ்ட் ஒன்று காலியாக இருந்தது. அதற்கு இருந்த பெயர்கள் இரண்டு. ஒன்று இவர், இன்னொன்று சுகந்தி வீட்டுக்காரர். நான் வேறு விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள் விசாரணை முடிந்து வந்தவர் சட்டைகூட மாற்றவில்லை. இதோ இந்தச் சோபாவில் உட்கார்ந்தார்.

'என்ன கேட்டாங்க?'

'ஓசியா வாங்கினீங்களான்னு கேட்டாங்க.'

'நீங்க என்ன சொன்னீங்க?'

'ஒண்ணும் சொல்லல.'

ஒன்றும் சொல்லவில்லையாம். இரண்டு முந்திரிக்குக் கடை தேடி அலைந்த மனிதர், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியைப் பரண் மேலிருந்து இறக்கினேன். எதற்கு இறக்கினேன் என்று தெரியாது, தூக்கி வெளியே எறியத்தான் என்று நினைக்கிறேன். அப்போதுதான் முதல் தடவையாக அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். கொட்டை எழுத்தில் இங்கிலீஷ் ஓ. அதை ஒட்டி சி. அதற்குக் கீழே பொடி எழுத்தில் விளக்கம், ஃபேக்டரி ஓவர்க்ளாக்ட்.

ஓவர்க்ளாக்ட். வேகம் கூட்டினது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கான்வென்டில் படித்தவள் நான். ஓசி என்கிற வார்த்தை எப்படி வந்தது என்றுகூட எங்கள் மதர் சொல்லியிருக்கிறாள். வெள்ளைக்காரக் கம்பெனி காலத்தில் தபால்தலை ஒட்டாமல் போகிற கம்பெனிக் கடிதங்களில் ஓ, சி என்று முத்திரை குத்துவார்களாம், அதிலிருந்து வந்ததாம். உண்மையோ, மதர் விட்ட கதையோ. அப்படிப்பட்ட நான் பெட்டியைப் படிக்காமல் விட்டு, ஓ சி என்று அவர் இங்கிலீஷில் சொன்னதை ஓசி என்று தமிழில் கேட்டிருக்கிறேன். வேறு எந்த ஊர்க்காரிக்கும் இந்தத் தப்பு வராது. அவளுக்கு ஓ சி என்றால் ஓ சி. நமக்குத்தான் ஓசி.

'ஏங்க, இதைச் சொல்ல வேண்டியதுதானே அந்த மேடம்கிட்ட? நாளைக்கு நான் வரேன். பெட்டியக் காட்டி நானே சொல்றேன்.'

'வராத வசு.'

'ஏன்?'

'விட்டுடு.'

'எதை விடறது? உங்க பேரு நாறிக்கிட்டு இருக்கு.'

'நாறட்டும். நீ அங்க வந்து எதுவும் சொல்லாத.' கையெடுத்துக் கும்பிட்டார், என்னை. கட்டின பெண்டாட்டியை.

அவருக்குக் கௌரவம். பெண்டாட்டி வந்து காப்பாற்றினாள் என்று நாலு பேர் சொல்வார்களே. இந்த ஆண்களுக்கு வேலை போனாலும் பரவாயில்லை, அந்தப் பேர் வரக் கூடாது.

நான் போனேன். காஞ்சிப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, பெட்டியைப் பெரிய கட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கேட்டில் செக்யூரிட்டி யாரைப் பார்க்க வேண்டும் என்றான். இங்கிலீஷில் சொன்னேன், கேட்டைத் திறந்துவிட்டான். கான்பரன்ஸ் ரூமில் அந்த மேடம், கூட இரண்டு ஆபீசர்கள், எதிரே இவர். பெட்டியை மேஜை மேல் வைத்தேன். 'மேடம், என் வீட்டுக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என் காது மேல். தயவுசெய்து இதைப் படியுங்கள்' என்றேன். பிறகு சுகந்தி வந்தது, ஏசி, நான் கேட்டது, அவர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த மேடத்துக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், 'ஓ சி... ஓசி' என்று தனக்குள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் பிடித்துக்கொண்டது சிரிப்பு. மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஆபீசர் ஒருத்தருக்குப் புரையேறி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். எனக்கு டீ வந்தது, கேக் பிஸ்கட் வந்தது.

இவர் ஒருத்தர்தான் மேஜையைப் பார்த்தபடி இருந்தார்.

'என்ன சார் நீங்க, நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே' என்றாள் மேடம்.

தலையைத் தூக்கினார். 'இவ முதல்ல சொன்னதுதான் மேடம் சரி' என்றார்.

அவ்வளவுதான். ரூமே அதிர்ந்துவிட்டது. முன்னால் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. இவருக்கு இவ்வளவு நகைச்சுவை வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நேரம் பார்த்து, முகத்தில் ஒரு சலனம் இல்லாமல், எப்படிச் சொன்னார் தெரியுமா? அதுதான் அவர் முழுசாகப் பேசிய கடைசி வாக்கியம்.

வெளியே வந்தால் மணிவாசகம் வராந்தாவில் நிற்கிறார். அவரையும் விசாரிக்க வரச் சொல்லியிருந்தார்களாம். பாவம், முகம் வெளுத்துப் போயிருந்தது. முடிந்துவிட்டது, இப்படி இப்படி என்று சொன்னேன். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டார். 'அக்கா, என் குடும்பத்தைக் காப்பாத்திட்டீங்க' என்றார்.

'உங்க குடும்பத்துக்கு என்னங்க ஆச்சு?'

'சார் குடும்பம்னா அது என் குடும்பம்தானேக்கா.'

பார், ஒரு அட்டைப்பெட்டி சப்ளை பண்ணுகிறவருக்கு இருக்கிற பாசம். கூடப் பிறந்தவன்கூட இப்படி உருகமாட்டான். இந்தப் பொங்கலுக்குக்கூட ஒரு கட்டு கரும்பு அனுப்பினார். இவர் தொடவில்லை. வாசலிலேயே கிடந்து காய்ந்தது.

மேனேஜர் போஸ்ட் உங்களுக்குத்தான் என்று மேடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் காலையில் இவர் குளித்து, சட்டையை இன் பண்ணி, ஆபீஸுக்குப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று அவர்களிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா? மானஸ்தன். இத்தனை வருஷம் உழைத்த இடத்தில், ஓசியா வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்களே. அதைத் தாங்க முடியவில்லை. போஸ்ட் சுகந்தி வீட்டுக்காரருக்குப் போனது. லிஃப்டில் பார்த்தால் அவள் செல்போனைப் பார்க்கிறாள், நான் நம்பர் மாறுவதைப் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து இப்படித்தான். நான் அழவில்லை. சண்டை போடவில்லை. முதலில் கொஞ்ச நாள் கத்திப் பார்த்தேன், சுவரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். காலையில் பால் காய்ச்சுகிறேன். அவர் போய்ப் பால்கனியில் உட்காருகிறார். தட்டு வைத்தால் வந்து சாப்பிடுகிறார். உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிடுகிறார். டிவி ஓடுகிறது, அதை யாரும் பார்ப்பதில்லை, யாரும் நிறுத்துவதும் இல்லை. துக்கம் என்று சொல்லமாட்டேன். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்புவாரே, அந்த வாய் மாதிரி. நாக்கைக் கடித்துக்கொண்டால்கூடத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இந்த ஓசிக் கதையைச் சொல்கிறேன். கல்யாண வீடு, பேங்க், எங்கே போனாலும் சொல்கிறேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவர் மேல் களங்கம் இல்லை என்பது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் நான் 'ஓ' என்று ஆரம்பித்தாலே இவர் எழுந்து போய்விடுவார். இன்றைக்கு எழுந்திருக்கவில்லை, கவனித்தாயா? ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை போலிருக்கிறது. இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாரோ என்னவோ. முகம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது.

நீ ஏன் சிரிக்கவில்லை? எல்லாரும் அந்த மேடம் சிரித்த இடத்தில் சிரிப்பார்கள்.

சரி, உன் திரை என்ன சொல்கிறது? தேறிவிட்டதா? சூடு எல்லைக்குள் இருக்கிறது, கீச்சென்று சத்தம் இல்லை, புள்ளி புள்ளியாக எதுவும் தெரியவில்லை. அப்படியென்றால் நல்ல கார்டுதான். நான் சொன்னேனே. எடுத்துக்கொள்கிறாயா? நல்லது. பெட்டியும் இருக்கிறது, தருகிறேன். நூல்கண்டை மட்டும் எனக்குக் கொடுத்துவிடு.

என்ன, பில்லா? அது எதற்கு?

ஓ, வாரண்டிக்கா. நியாயம்தான். அதை அந்த மேடம்கூடக் கேட்கவில்லை. சிரித்த சிரிப்பில் மறந்திருப்பாள். நானும் கேட்டதில்லை. இங்கேதான் எங்காவது இருக்கும், அவர் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடத் தூரப் போடுகிறவர் இல்லை. இரு, கேட்கிறேன். 'ம்' என்பார். எந்த அலமாரியைப் பார்த்துக்கொண்டு 'ம்' என்கிறார் என்று பார்த்து எடுத்துவிடலாம்.

ஏங்க. அந்தக் கார்டு பில்லு எங்க வெச்சிருக்கீங்க? இந்தப் பொண்ணு கேக்குது.

எழுந்து வருகிறார். நீ உட்காரு, நீ எழுந்திருக்க வேண்டாம்.

'பில்லு எங்கிட்ட இல்லம்மா. மணிவாசகம்தான் காசு குடுத்து வாங்கினான். அவன்கிட்டதான் இருக்கும்.'

கேட்டாயா?

உன்னைப் பார்த்துத்தான் சொன்னார், என்னைப் பார்த்து இல்லை. பரவாயில்லை. எழுவாய், பயனிலை எல்லாம் வைத்து, கார்த்திகைக்கு அப்புறம் இப்போதுதான். குரல் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது. புழங்காமல் கிடந்தால் அப்படித்தான் ஆகும். வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும்.

இல்லம்மா, நீ எனக்கு விளக்க வேண்டாம். இந்தத் தடவை சரியாகத்தான் கேட்டது. என்ன சொன்னார் என்பதை நான் அப்புறம் உட்கார்ந்து யோசித்துக்கொள்கிறேன். அதற்கு நிறைய நேரம் இருக்கிறது. பேசினார் பார், அதைச் சொல்கிறேன் உனக்கு.

ஏன் பையை எடுக்கிறாய்? உட்காரு. அவர் திரும்பிப் போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறார். உதடு அசைகிறது. இன்னும் ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறது.

அந்த மிஷினை நிறுத்தும்மா. இந்த இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்காது.